டிராக்டர் உழவருடையது, சாவி மட்டும் கம்பெனியுடையதா?

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் மீதான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. டிராக்டர் டயர்களுக்கும் உதிரி பாகங்களுக்கும் 18 சதவீதமாக இருந்த வரி 5 சதவீதமாயிற்று. ஒன்றிய ஆட்சியாளர்கள் இதை உழவர்களுக்கு அளித்த பெரும் பரிசாக விளம்பரப்படுத்தினார்கள். எட்டு ஆண்டுகளாக அந்த வரியை வசூலித்தவர்களும் தாங்களே என்பதை மட்டும் விளம்பரத்தில் சேர்க்கவில்லை. வரிக் குறைப்பை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் விலைச்சீட்டைக் காட்டி வேறொரு கேள்வியை மறைத்துவிட முடியாது. பணம் கொடுத்து வாங்கிய இயந்திரம், வாங்கிய பிறகு யாருக்குக் கீழ்ப்படிகிறது? உழவருக்கா, அதை விற்ற கம்பெனிக்கா?

தொழில்நுட்பம் சார்ந்த சிறு விஷயம் என்று தோழர்கள் இதை ஒதுக்கிவிடக் கூடாது. உற்பத்திக் கருவி யார் வசம் இருக்கிறது என்பது நம் இயக்கத்தின் அடிப்படைக் கேள்வி. அந்தக் கேள்வி இன்று ஒரு கைப்பிடி அளவுள்ள மின்னணுப் பெட்டிக்குள் புகுந்து நிற்கிறது.

வயலில் நின்றுவிட்ட இயந்திரம்

பழைய டிராக்டரில் கியர் லீவரை நகர்த்தினால் ஓர் இரும்புத் தண்டு நகரும். அது பற்சக்கரத்தைத் தள்ளும். கோளாறு கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். ஊர் மெக்கானிக் பெட்டியைத் திறந்து, தேய்ந்ததை மாற்றி, மாலைக்குள் வண்டியை வயலுக்கு அனுப்பிவிடுவார்.

உயர் குதிரைத்திறன் கொண்ட புதிய மாடல்களில் இந்த உறவு அறுந்துவிட்டது. லீவர் எதையும் தள்ளுவதில்லை. ஒரு மின்சமிக்ஞையை அனுப்புகிறது, அவ்வளவுதான். கட்டுப்பாட்டுப் பெட்டி அதைப் பெற்று, வேறு பல சாட்சிகளை விசாரிக்கிறது. இருக்கையில் ஆள் உட்கார்ந்திருக்கிறாரா? கைப்பிரேக் விடுபட்டிருக்கிறதா? கிளட்ச் மிதி எந்த நிலையில் இருக்கிறது? எண்ணெயின் வெப்பம் என்ன? உட்செல்லும் தண்டும் வெளிவரும் தண்டும் எந்த வேகத்தில் சுழல்கின்றன? எல்லாப் பதில்களும் ஒத்துவந்தால்தான் அது சோலனாய்டு வால்வுக்கு மின்சாரம் தரும். வால்வு திறந்து எண்ணெய் அழுத்தம் கிளட்ச் தகடுகளைப் பிடித்தால்தான் சக்கரம் உருளும். ஒரு சென்சார் பொய் சொன்னாலும், பெட்டி பாதுகாப்பு கருதி வண்டியை நியூட்ரலிலேயே நிறுத்திவிடும். எஞ்சின் உறுமிக்கொண்டிருக்கும், டிராக்டர் ஓர் அங்குலமும் நகராது.

பெரும்பாலான கோளாறுகள் மிகச் சாதாரணமானவை. பேட்டரி பலவீனமடைந்து மின்னழுத்தம் இறங்கியிருக்கும். எர்த் வயர் துருப்பிடித்திருக்கும். ஃபியூஸ் போயிருக்கும். எலி வயரைக் கடித்திருக்கும். சேற்றுநீர் கனெக்டருக்குள் புகுந்து முனைகள் பச்சை பூத்திருக்கும். இருக்கைக்கு அடியிலுள்ள சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கும். வேகச் சென்சாரின் முனையில் இரும்புத்தூள் படிந்திருக்கும். இவற்றைக் கண்டுபிடிக்கச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டரும் பொறுமையும் போதும். கட்டுப்பாட்டுப் பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் 'கேன் பஸ்' என்னும் இரட்டை வயர்ப் பாதையைக்கூட இதே கருவியால் சோதிக்கலாம். அதன் இரு முனைகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு இரு வயர்களுக்கும் இடையே அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் எங்கோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்ஜியத்தை நெருங்கினால் இரு வயர்களும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஐடிஐ படித்த எந்த இளைஞருக்கும் அரை நாளில் கற்றுத்தரக்கூடிய அறிவு இது.

ஆகவே, இந்த இயந்திரங்கள் மிகவும் சிக்கலானவை, ஊர் மெக்கானிக்கால் தொடவே முடியாது என்று பரப்பப்படும் கருத்தைத் தோழர்கள் நம்ப வேண்டாம். சிக்கல் இருக்கிறது, அது கற்றுக்கொள்ளக் கூடிய சிக்கல்தான். மெக்கானிக்கின் கை நின்றுபோகும் இடம் வேறு.

பூட்டு போடப்பட்ட இடம்

கோளாறின் குறியெண்ணைப் படிக்க வேண்டும். அது கம்பெனி மென்பொருளில் இருக்கிறது. பழுதான பாகத்தைக் கழற்றிப் புதியதை மாட்டினால் மட்டும் போதாது. அந்தப் பாகத்தை ஏற்றுக்கொள்ளும்படி பெட்டிக்கு உத்தரவிட வேண்டும், கிளட்ச் பிடிக்கும் அளவை மறுபடி பதிய வேண்டும். அந்த உத்தரவும் கம்பெனி மென்பொருளில்தான் இருக்கிறது. மென்பொருளோ டீலரின் மடிக்கணினியில் இருக்கிறது. டீலர் வரும்வரை டிராக்டர் வயலிலேயே நிற்கும். விதைப்புக்குப் பெய்த மழையின் ஈரம் அதற்காகக் காத்திருக்காது.

இது கற்பனையான அச்சமா? முதலாளித்துவத்தின் தலைமையகமான அமெரிக்காவையே சாட்சிக்கு அழைப்போம். 2025 ஜனவரி 15 அன்று அந்நாட்டின் ஒன்றிய வர்த்தக ஆணையம், இல்லினாய், மினசோட்டா மாநிலங்களுடன் சேர்ந்து ஜான் டியர் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. முழுத்திறன் கொண்ட பழுதறி மென்பொருளை அங்கீகரிக்கப்பட்ட டீலர்களுக்கு மட்டும் வழங்கி, உழவர்களையும் தனி மெக்கானிக்குகளையும் நிறுவனம் தடுக்கிறது, அதனால் பழுதுபார்ப்புச் செலவு உயர்கிறது என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் அதை மறுத்தது. ஆனால் இந்த வழக்குக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2023 ஜனவரியில், அதே நிறுவனம் அமெரிக்கப் பண்ணையாளர் கூட்டமைப்புடன் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தது. தானாக முன்வந்து தகவல்களைப் பகிர்வோம், சட்டம் எதற்கு என்பதே அதன் சாரம். தானாக முன்வந்த வாக்குறுதி எவ்வளவு தூரம் போனது என்பதை அடுத்து வந்த வழக்கு சொல்கிறது. இதற்கிடையில் கொலராடோ மாநிலம் வாக்குறுதியை நம்பாமல் 2023-ல் வேளாண் இயந்திரங்களுக்கான பழுதுபார்ப்பு உரிமைச் சட்டத்தையே நிறைவேற்றியது. 2024 ஜனவரி 1 முதல் அது அமலில் இருக்கிறது.

இன்னொரு சாட்சி உக்ரைன். 2022-ல் மெலிட்டபோல் நகரின் டீலரிடமிருந்து ரஷ்யப் படையினர் எடுத்துச் சென்ற அறுவடை இயந்திரங்களும் டிராக்டர்களும் தொலைவிலிருந்தே செயலிழக்கச் செய்யப்பட்டன. உலகப் பத்திரிகைகள் கைதட்டின. திருடப்பட்ட இயந்திரம் நின்றதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் கைதட்டியவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறினார்கள். திருடனின் வண்டியை நிறுத்தும் கை, உரிமையாளரின் வண்டியையும் நிறுத்த முடியும்.

அந்தக் கை இந்தியாவில் யாருக்கு வசதியாக இருக்கும்? 2022 செப்டம்பரில் ஜார்க்கண்ட் மாநிலம் ஹசாரிபாக்கில், கடன் தவணைக்காக டிராக்டரை மீட்க முகவர்கள் வந்தபோது, அதன் சக்கரத்தில் சிக்கி விவசாயி ஒருவரின் கர்ப்பிணி மகள் உயிரிழந்தார். கடன் கொடுத்த மகிந்திரா ஃபைனான்ஸ் நிறுவனம் வெளி முகவர்கள் மூலம் கடன் வசூலிக்க ரிசர்வ் வங்கி தடை விதித்தது. சில மாதங்களில் தடை நீங்கியது. நாளை முகவர் ஊருக்கு வரவே தேவையில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே வண்டியை நிறுத்திவிடலாம். சாட்சியும் இருக்காது, கூட்டமும் கூடாது. இதற்கு இன்றே சட்டத் தடை வேண்டும்.

ஒன்றிய அரசின் இணையதள உரிமை

இந்தியா உலகின் மிகப்பெரிய டிராக்டர் சந்தை. 2024-25 நிதியாண்டில் ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட டிராக்டர்கள் விற்றன. பத்தில் நான்குக்கு மேல் ஒரே குழுமத்துடையவை. இவற்றில் மிகப் பெரும்பாலானவை இன்றும் தண்டும் பற்சக்கரமும் கொண்ட பழைய வகைதான். மின்னணு மேலிருந்து கீழே இறங்கிவருகிறது. 2023 ஜனவரி 1 முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 'ட்ரெம் 4' மாசுக் கட்டுப்பாட்டு விதி கட்டாயமானது. அத்துடன் மின்னணுப் பெட்டி எஞ்சினுக்குள் வந்தது. காற்று சுத்தமாக வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. புகையைக் குறைக்க வந்த பெட்டியின் சாவியைக் கம்பெனி தன் பையில் போட்டுக்கொள்வதற்கு அந்த விதியில் எந்த அவசியமும் இல்லை.

2022 ஜூலையில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஒரு குழு அமைத்தது. எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வேளாண் கருவிகளும் ஒன்று. பலன் என்ன? அந்த ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளம் திறக்கப்பட்டது. கம்பெனிகள் விருப்பப்பட்டால் அதில் தகவல்களைப் பதிவேற்றலாம். பதிவேற்றாவிட்டால் தண்டனை இல்லை. அதன் பிறகு பழுதுபார்ப்புக் குறியீடு என்று பேச்சு எழுந்தது; அதுவும் கைப்பேசியிலும் வீட்டு மின்னணுச் சாதனங்களிலும் தொடங்கியது. டிராக்டர் வரிசையில் பின்னுக்குப் போயிற்று. அமெரிக்காவில் தோற்றுப்போன 'தானாக முன்வரும்' சூத்திரத்தை இங்கே கொள்கை என்று விற்கிறார்கள்.

சட்டத்தில் வழியே இல்லை என்பதும் உண்மையன்று. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுதறி கருவிகளையும் தனி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிடைக்காமல் செய்தது குற்றம் என்று தீர்ப்பளித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டிலும் உயர்நீதிமன்றத்திலும் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தன. ஆனாலும் கொள்கை நிலைநாட்டப்பட்டது. கார் வைத்திருப்பவருக்குப் பொருந்தும் நியாயம் டிராக்டர் வைத்திருப்பவருக்கு ஏன் பொருந்தாது? அதேபோல் 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, மின்னணுப் பூட்டை உடைப்பதற்கு இரண்டாண்டு வரை சிறை என்கிறது. ஆனால் சட்டம் தடை செய்யாத ஒரு நோக்கத்துக்காகச் செய்வதை அது தடுக்கவில்லை என்றும் அதே பிரிவு கூறுகிறது. பழுதுபார்ப்பது அத்தகைய நோக்கம் என்று ஒரே ஒரு விளக்க அறிவிப்பு வெளியிட ஒன்றிய அரசுக்கு எத்தனை நாள் ஆகும்? மனமிருந்தால் ஒரு நாள்.

நம்மிடையே எழும் மறுப்பு

உயர் குதிரைத்திறன் டிராக்டர் வைத்திருப்பவர் பணக்கார விவசாயி. அவருடைய கியர்ப்பெட்டி பற்றிக் கட்சி ஏன் கவலைப்பட வேண்டும்? இப்படிக் கேட்கும் தோழர்கள் இருக்கிறார்கள். வர்க்க நிலையிலிருந்து எழும் கேள்வி என்பதால் அதற்கு நேர்மையான பதில் தர வேண்டும்.

கோலார் மாவட்டத்தில் ராகியும் தக்காளியும் பயிரிடும் சிறு விவசாயியிடம் டிராக்டர் இல்லை. மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறார். தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகை மூலமும் கர்நாடகத்தில் கிருஷி யந்த்ர தாரே மையங்கள் மூலமும் அரசே இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. டிராக்டர் நின்றால் உரிமையாளருக்கு நட்டம். அந்த நட்டத்தை அவர் அடுத்த வாடகையில் ஏற்றிவிடுவார். பருவம் தப்பும் சிறு விவசாயிக்கு அதை ஏற்ற வேறு தோள் இல்லை. ஓட்டுநருக்கு அன்றைய கூலி இல்லை. நடவுக்குக் காத்திருக்கும் பெண் தொழிலாளர்களுக்கு வேலை இல்லை. டீலர் கேட்கும் கட்டணம் கடைசியில் யார் தலையில் இறங்குகிறது என்று பார்த்தால், கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

ஊர் மெக்கானிக்கையும் மறக்கக் கூடாது. அவரும் உழைப்பாளி. பெரும்பாலும் நிலமற்ற குடும்பத்திலிருந்து வந்து, பள்ளிப் படிப்பு முடியும் முன்பே ஸ்பேனர் பிடித்தவர். இருபது ஆண்டுகளில் கையில் சேர்த்த அறிவை ஒரே மென்பொருள் ஒரே நாளில் செல்லாக்காசாக்குகிறது. தொழிலாளியின் அறிவும் திறமையும் அவரிடமிருந்து பிரிக்கப்பட்டு, மூலதனத்தின் சக்தியாக அவருக்கு எதிரிலேயே நிறுத்தப்படுவதை மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியில் விளக்கினார். அவர் கண்டது பஞ்சாலை. நம் முன் நிற்பது டிராக்டர்.

இயந்திரத்தைக் கண்டு அஞ்சுவது நம் நிலைபாடன்று. இருக்கைச் சுவிட்ச் ஓட்டுநரின் உயிரைக் காக்கிறது, அது இருக்கட்டும். பாதுகாப்பு அமைப்பை யாரும் கழற்றி எறியக் கூடாது என்பதும் சரி. ஆனால் பாதுகாப்பு அமைப்பைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தால்தான் அது பாதுகாப்பு. வண்டியை எப்படியாவது நகர்த்த வேண்டிய நெருக்கடியில் சுவிட்சை வயரால் குறுக்கே இணைத்துவிட்டு ஓட்டும் நிலைக்கு உழவரைத் தள்ளுவது பூட்டுதான். விபத்துக்கு வழிவகுத்துவிட்டு, பாதுகாப்பின் பெயரால் பூட்டை நியாயப்படுத்துகிறார்கள்.

தங்கவயலின் சாட்சி

இந்த விவாதத்தைக் கோலார் தங்கவயலிலிருந்து பேசுவதற்குக் காரணம் உண்டு. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தலித் மக்கள் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழத்தில் இறங்கித் தங்கம் எடுத்த ஊர் இது. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர். ஃபிட்டர்களும் எலக்ட்ரீஷியன்களும் தலைமுறை தலைமுறையாக உருவான ஊர். தங்கத்தை ஜான் டெய்லர் கம்பெனி கொண்டுபோயிற்று. திறமை இங்கே தங்கியது. 2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தை மூடியபோது அந்தத் திறமையைத் தெருவில் விட்டார்கள். அன்று முதல் மாரிகுப்பத்திலிருந்து விடியும் முன் புறப்படும் ரயில்கள் தங்கவயலின் பிள்ளைகளைப் பெங்களூருக்குக் கூலிவேலைக்குச் சுமந்து செல்கின்றன. இங்கே மிஞ்சியிருப்பவை சயனைடு மண்மேடுகள்.

அத்தனை அழிவுக்குப் பிறகும் ஊரில் ஒரு பெரிய ஆலை நிற்கிறது: 1964-ல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான பெமலின் தங்கவயல் வளாகம். புல்டோசரும் எக்ஸ்கவேட்டரும் செய்யும் ஆலை. அதற்குள் இருக்கும் ஹைட்ராலிக்ஸ், பவர்லைன் பிரிவு, கனரக வாகனங்களுக்கான டிரான்ஸ்மிஷன்களையே உற்பத்தி செய்கிறது. டிராக்டரின் கியர்ப்பெட்டிக்கும் டோசரின் கியர்ப்பெட்டிக்கும் அடிப்படை ஒன்றுதான்: கிளட்ச் தகடு, எண்ணெய் அழுத்தம், வால்வு, கட்டுப்பாட்டுப் பெட்டி. அதாவது, தனியார் கம்பெனி பூட்டி வைத்திருக்கும் அறிவு, மக்களின் சொத்தாகத் தங்கவயலில் இருக்கிறது.

ஒன்றிய அரசு அந்தச் சொத்தை என்ன செய்கிறது? 2016 அக்டோபரில் பெமலைத் தனியாருக்குக் கைமாற்றக் கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. 2021 ஜனவரியில், 54 சதவீதத்துக்குச் சற்று மேலான அரசுப் பங்கில் 26 சதவீதத்தை நிர்வாகக் கட்டுப்பாட்டுடன் சேர்த்து விற்க விண்ணப்பம் கோரியது. விற்பனைக்கு வசதியாக நிலங்களைத் தனி நிறுவனமாகப் பிரித்தது. அதே 2016 அக்டோபரில்தான் எச்எம்டி நிறுவனத்தின் பிஞ்சோர் டிராக்டர் பிரிவை மூடவும் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஒரே மாதத்தில் ஒரு பொதுத்துறை டிராக்டர் ஆலைக்குப் பூட்டு, இன்னொரு பொதுத்துறை இயந்திர ஆலைக்கு விலைச்சீட்டு.

ஸ்வராஜ் டிராக்டரின் கதையையும் நினைவுகூர வேண்டும். துர்காப்பூரில் உள்ள அரசின் மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சிக் கழகத்தில், இந்தியப் பொறியாளர்கள் வடிவமைத்த டிராக்டர் அது. பஞ்சாப் அரசின் முயற்சியால் 1974-ல் உற்பத்திக்கு வந்தது. பொது நிதியில் பிறந்த அந்த நிறுவனம் பங்குப் பங்காக விற்கப்பட்டு, 2007-ல் மகிந்திரா வசம் போய்ச் சேர்ந்தது. அந்நியத் தொழில்நுட்பம் இல்லாமல் இந்தியாவால் டிராக்டர் செய்ய முடியாது என்று சொல்பவர்களுக்கு ஸ்வராஜ் பதில். சந்தை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று சொல்பவர்களுக்கு ஸ்வராஜ் எங்கே போயிற்று என்பது பதில்.

இனி செய்ய வேண்டியவை

நமது கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும்.

ஒன்று: வேளாண் இயந்திரங்களுக்கான பழுதுபார்ப்பு உரிமைச் சட்டம். பழுதுபார்ப்புக் கையேடு, மின்சுற்று வரைபடம், கோளாறுக் குறியெண் பட்டியல், முழுத்திறன் மென்பொருள் ஆகியவற்றைத் தமிழ், கன்னடம் உள்ளிட்ட மொழிகளில் நியாய விலைக்கு எவருக்கும் வழங்குவது கட்டாயமாக வேண்டும். மீறினால் தண்டனை வேண்டும்.

இரண்டு: கம்பெனியோ கடன் நிறுவனமோ தொலைவிலிருந்து இயந்திரத்தை முடக்குவது நீதிமன்ற ஆணையின்றிக் குற்றம் என்று அறிவிக்க வேண்டும்.

மூன்று: மாநில அரசுகள் மானியம் தரும், வாடகை மையங்களுக்கு வாங்கும் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் இதையே கொள்முதல் நிபந்தனையாக்க வேண்டும். இதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை. சென்னையும் பெங்களூருவும் நாளையே செய்யலாம்.

நான்கு: பெமல் விற்பனையை முற்றாகக் கைவிட வேண்டும். அங்குள்ள ஒப்பந்தத் தொழிலாளர்களை நிரந்தரமாக்க வேண்டும். தங்கவயல் வளாகத்தில் வேளாண் இயந்திரங்களுக்கான பொதுப் பழுதறி மையமும் ஐடிஐ மாணவர்களுக்கும் ஊர் மெக்கானிக்குகளுக்கும் பயிற்சிப் பள்ளியும் தொடங்க வேண்டும். திறந்த மென்பொருள் கொண்ட கட்டுப்பாட்டுப் பெட்டியை உருவாக்கும் பணியை அந்த ஆலைக்கு ஒப்படைக்க வேண்டும்.

கோரிக்கை தானாக நிறைவேறாது. கிளைத் தோழர்கள் தத்தம் பகுதியில் எத்தனை இயந்திரங்கள் டீலருக்காகக் காத்து நின்றன, எத்தனை நாள், எவ்வளவு கட்டணம், யாருடைய கூலி போயிற்று என்று கணக்கெடுக்க வேண்டும். விவசாயிகள் சங்கம், விவசாயத் தொழிலாளர் சங்கம், தொழிற்சங்கம் மூன்றும் ஒரே மேடையில் இதைப் பேச வேண்டும். மெக்கானிக்குகளையும் டிராக்டர் ஓட்டுநர்களையும் சங்கத்துக்குள் கொண்டுவர வேண்டும். ஆலைத் தொழிலாளியிடம் அறிவு இருக்கிறது. வயல் தொழிலாளியிடம் தேவை இருக்கிறது. இவ்விரண்டையும் இணைப்பது கட்சியின் வேலை.

தங்கவயல் தொழிலாளிகளுக்குக் கட்டுப்பாடு என்றால் என்ன என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1930-ல் விரல்ரேகை பதிந்து தங்களைக் கண்காணிக்க முயன்ற சுரங்க நிர்வாகத்துக்கு எதிராக அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1946 நவம்பர் 4 அன்று, செங்கொடியின் கீழ் திரண்ட போராட்டத்தில் ஆறு தொழிலாளர்கள் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். உழைப்பவரின் கருவியும் உடலும் முதலாளியின் பதிவேட்டுக்குள் அடங்கக் கூடாது என்பதற்காக அந்த ஊர் கொடுத்த விலை அது. வரும் நவம்பர் 4 தியாகிகள் நினைவுநாளில் பெமல் வாயிலிலும் பங்காரப்பேட்டைச் சந்தையிலும் ஒரே கோரிக்கைப் பட்டியல் ஒலிக்கட்டும். டிராக்டர் உழவருடையது என்றால், அதன் சாவியும் உழவருடையதே.